கையால் கழற்றும் நட்டு

விஜயதசமி, 1972. காரைக்குடி.

மில் வேனில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சுமையாள் பாண்டியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. கையை எடுத்துவிட்டார்களோ என்னவோ.

மில்லின் சரக்கு லிப்ட், தண்டவாளத்தைப் பிடித்து ஓடக் கூண்டின் மூலைகளில் கைடு ஷூ என்ற கவ்விகள் உண்டு. அதற்குள் இருக்கும் லைனர் பட்டை தேய்ந்தால் முன்பெல்லாம் கூண்டையே பிரிக்க வேண்டும். நான்தான் அந்த அமைப்பை மாற்றினேன். இப்போது நட்டைக் கையால் திருகி லைனரை உருவிவிடலாம். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு லிப்ட்காரர் கருப்பையா எல்லா லைனரையும் உருவித் துடைத்து, சந்தனம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருக்கிறார். மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. இன்று காலை, நல்ல நேரம் தப்பிவிடும் என்று பாண்டி, லைனர் இல்லாதது தெரியாமல், முதல் பஞ்சு பேலை ஏற்றித் தானும் ஏறி லிப்டை மேலே விட்டுவிட்டான். பாதியில் கூண்டு சாய்ந்தது. விளிம்பைப் பிடித்திருந்த கை சுவரோடு நசுங்கிவிட்டது.

கருப்பையா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீகதானய்யா சொன்னீக, யாரு வேணும்னாலும் கழட்டலாம்னு!"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மில் வாசலில் பாண்டியின் மனைவி, "அவுகளுக்குக் கை இருக்குமாய்யா?" என்றாள். இருக்கும் என்றேன். என்னத்தைக் கண்டேன்?

கழற்றுவதைச் சுலபமாக்கிய எனக்கு, கழற்றிக் கிடந்தால் லிப்ட் நகராதபடி ஒரு சுவிட்ச் வைக்கத் தோன்றவில்லையே. கடவுளே, ஒரே ஒரு சுவிட்ச்.

தெருவில் வண்டிச் சத்தம். மதுரைக்குப் போன மில் வேன்தான். எழுந்து போகாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.