மௌனக் கட்டத்தின் முதல் மாணவர்

என் அன்புக்குரியவளுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, மகள், பேத்தி, மாப்பிள்ளை எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து வேறு அறைக்குப் போய்ப் படி. காரணம் கீழே வரும்.

முதலில் வீட்டு நிலவரம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே நின்றது. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வாசல் பூட்டை இரண்டு முறை மட்டும் இழுத்துப் பார்க்கச் சொன்னாய். அப்படியே செய்துவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மூன்றாவது முறையும் இழுத்துப் பார்த்தேன். பூந்தொட்டிகளில் ஐந்து நன்றாக இருக்கின்றன. மொத்தம் ஏழு என்பது உனக்கு நினைவிருக்கும்.

அடுத்து, உன்னிடம் மூன்று மாதமாக மறைத்த ஒரு விஷயம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். இத்தனை வருட ஏற்பாட்டை இப்போது மாற்றுவானேன்?

நீ அங்கே போய்ச் சேர்ந்த வாரம் ஒன்று சொன்னாய். மாப்பிள்ளை மகளிடம் ஆங்கிலத்தில், "உன் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையா? கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையே" என்று கேட்டாராம். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு என்னை அழைக்கவே தயங்குகிறாராம். மகள் அழுதாளாம். "ரெண்டு வார்த்தை பேசினா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று நீ என்னைக் கேட்டாய். நான் வழக்கம்போல ம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. கல்யாணத்தன்று மழையில் நான் தவறவிட்ட மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்தவர் அவர்தான். எந்த மாதிரி நன்றி சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அந்த நன்றி நாலு வருடமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. அவருக்கோ தமிழ் தெரியாது. நீர் வழங்கல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலத்தில் கடித வரைவு எழுதியவன் நான். எழுதச் சொன்னால் பத்தி பத்தியாக எழுதுவேன். எதிரே ஓர் ஆள் நின்று "ஹலோ" என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. நீயோ இருபது வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த ஊர்க் காய்கறிக் கடைக்காரரிடமே பேரம் பேசுகிறாயாம்.

ஆகவே மாலை நடைப்பயிற்சி என்று நான் சொல்லிவந்தது பொய். சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஆங்கில வகுப்பு ஒன்று நடக்கிறது. அதில் ஆரம்ப நிலையில் சேர்ந்தேன். அலுவலக அனுபவம் பற்றி வாயைத் திறக்கவில்லை. கீழே இஸ்திரி போடும் சூடு பலகைத் தரை வழியாக ஏறி வரும். மருத்துவமனை கேன்டீன் சமையல்காரர், ஒரு தையற்கார அம்மா, ஒரு லாரி ஓட்டுநர், நான். டீச்சருக்கு நம் மகள் வயதுதான் இருக்கும்.

முதல் நாளே அவர் சொன்னது என்னைக் கட்டிப்போட்டது. முதல் கட்டம் மௌனமாம். யாரும் பேச வேண்டியதில்லையாம். "குழந்தை ஒரு வருஷம் சும்மா கேட்டுட்டேதானே இருக்கு? அதை யாராவது ஃபெயில் பண்றாங்களா?" என்று கேட்டார். அவர் சொல்வார், நாங்கள் செய்வோம். ஸ்டாண்ட் அப் என்றால் எழுவோம், டச் யுவர் நோஸ் என்றால் மூக்கைத் தொடுவோம். தானாக வரும்வரை யாரும் பேச வேண்டாம். வந்தபின் ஒற்றை வார்த்தை, அப்புறம் இரண்டு. தப்பு வந்தாலும் யாரும் திருத்தக் கூடாது. எனக்காகவே வகுத்த பாடத்திட்டம் என் வாழ்நாளில் இது ஒன்றுதான்.

மூன்றாம் வாரம் சமையல்காரர் திடீரென்று "டோர்!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினோம். ஐந்தாம் வாரம் தையற்கார அம்மா ஆடுகிற நாற்காலியைக் காட்டி, "பேட் சேர்" என்றார். எட்டாம் வாரம் லாரி ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, சூடு தாங்கவில்லை என்று சலவைக்காரரை ஆங்கிலத்திலேயே திட்டினார். நான் மட்டும் முதல் கட்டத்தில் இருந்தேன். "அவசரமே இல்ல சார், பழுக்கட்டும்" என்றார் டீச்சர். ஓட்டுநர், "சார் பழுத்து விழறதுக்குள்ள நான் பேத்தி எடுத்துடுவேன்" என்றார்.

பதினோராம் வாரம் வேறொரு பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். டீச்சர் என்னை முன்னால் உட்காரவைத்து, இவ்வளவு நீண்ட மௌனக் கட்டத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்றும், ஆனால் எனக்கு எல்லாமே புரிகிறது என்றும் பெருமையாகச் சொன்னார். பிறகு கட்டளைகள். ஜன்னலுக்கு நடந்தேன், மூக்கைத் தொட்டேன், ஒன்றிலும் பிசகவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆனால் நான் வாய் திறந்தால் டீச்சரின் எடுத்துக்காட்டு கெட்டுப்போகுமே என்று மறுபடி மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. பிறந்தநாளுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

இனி நேற்று நடந்தது. நீயும் மகளும் பல் மருத்துவரிடம் போயிருந்தீர்கள். நீ உன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. நீதான் என்று எடுத்தேன். திரையில் மாப்பிள்ளை, மடியில் பேத்தி. அவருடைய எண்ணிலிருந்து வந்திருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவருக்காக நான் இரண்டு பக்க வரைவு ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். "பொருள்: நான் கோபமாக இல்லை என்பது குறித்து." அது அலமாரியில் இருந்தது, எழுந்துபோனால் அவமதித்ததாக நினைப்பாரே என்று பயம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பேத்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்போது என் வாய் தானாகவே திறந்தது. "ஸ்டாண்ட் அப்" என்றேன்.

மாப்பிள்ளை பேத்தியோடு எழுந்து நின்றார்.

நிற்கவைத்துவிட்டோமே, இனி ஏதாவது செய்தாக வேண்டுமே என்று எனக்கு வியர்த்துவிட்டது. கதவுக்கு நடக்கச் சொன்னேன், நடந்தார். மூக்கைத் தொடச் சொன்னேன், தொட்டார். குழந்தையின் மூக்கைத் தொடச் சொன்னேன்; பேத்தி கலகலவென்று சிரித்தாள். உட்காரச் சொன்னேன். அதோடு என் பாடத்திட்டம் தீர்ந்தது.

அவர் தொண்டையைச் செருமி, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: "என்னங்க, மாத்திர போட்டீங்களா?"

உன் குரல். கடைசியில் நீ இழுக்கும் இழுப்பு உட்பட. தினமும் மாலையில் நீ என்னைக் கேட்பதை மூன்று மாதத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவரும் முதல் கட்டத்தில்தான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

நான் மாத்திரை போட்டிருக்கவில்லை. (இதற்காகத் திட்டாதே.) டப்பாவை எடுத்துவந்து அவர் கண்முன்னே விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன். அவர் கைதட்டினார். அந்தத் தைரியத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "தேங்க்யூ" என்றேன். ஒரு நிமிடம் விழித்தார். பிறகு விரல்களை மேலிருந்து கீழே ஆட்டி மழை பெய்வதைக் காட்டினார். மறக்கவில்லை அவர். அழைப்பை முடிக்கும்போது "வாங்க" என்றார். பொருள் தெரிந்து சொன்னாரா, நீ சொல்லக் கேட்டதை அப்படியே சொன்னாரா தெரியாது. தெரிந்து சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். இன்று காலை பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. பாவம், நல்ல எடுத்துக்காட்டை இழந்துவிட்டார்.

உன்னை வேறு அறைக்குப் போய்ப் படிக்கச் சொன்னது இந்த ஒரே ஒரு வேண்டுகோளுக்காகத்தான். மாப்பிள்ளையைத் திருத்திவிடாதீர்கள். மகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள், "மாமா என்று கூப்பிடணும்" என்று சொல்லிக்கொடுக்கத் துடிப்பாள். ஏற்கெனவே திருத்தியிருந்தால் அந்தத் திருத்தத்தை ரத்து செய்யச் சொல். அவசரமே இல்லை, பழுக்கட்டும். இத்தனை வருடத்தில் என்னை "என்னங்க" என்று அழைத்தவள் நீ ஒருத்திதான். நீ போனபின் இந்த வீட்டில் அந்தச் சொல் போன் வழியாக மட்டும்தான் காதில் விழுகிறது.

பேத்திக்கும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் மனமார்ந்த ஆசிகள். மாத்திரை பற்றி அவர் கேட்கிறாரே என்று நீ கேட்பதை நிறுத்திவிடாதே. இருவரும் கேளுங்கள், இரண்டு முறை பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின்
என்னங்க