கல்கல்லோ கிணறு

அன்பு மகள் தலாசோவுக்கு, நார்த் ஹோரிலிருந்து சித்தப்பா கல்கல்லோ எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீ பிறந்து கண் திறந்ததும் முதலில் பார்த்தது உன் அம்மா முகத்தை அல்ல, கூடாரத்துக்கு வெளியே நின்ற உன் அப்பாவின் மோட்டார் சைக்கிளை. இந்தப் பெண் ஒருநாள் வண்டியோடு வந்து நிற்பாள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். உன் சித்தி குமாத்தோ மட்டும், "நடந்து முடிஞ்ச பொறவு சொன்னா அதுக்குப் பேரு ஜோசியமா?" என்கிறாள். அவள் அன்றைக்குப் பால் கறக்கப் போயிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும். அது இருக்கட்டும், இங்கே ஆட்களுக்கும் ஒட்டகங்களுக்கும் குறைவில்லை, ஆடு ஒன்று மட்டும் நொண்டுகிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய், ஜெர்மனிக் குளிர் உன் எலும்பை விட்டுவைத்திருக்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா.

உன் குரல் செய்தியைப் பதினாலு தடவை கேட்டேன். இங்கே வந்திறங்கியதும் நீயும் இரண்டு தோழிகளும் மூன்று மோட்டார் சைக்கிளில் மர்சபித்திலிருந்து கிளம்பி, கர்கியில் சாலையை விட்டு இறங்கி, சால்பிப் பாலைக்கு நடுவே நேராக நார்த் ஹோர் வருகிறீர்கள் என்று சொன்னாய். முதல் ராத்திரி நடுப்பாலையில் என் பெயருள்ள கிணற்றோரம் தங்குவோம், அதனால் பாதித் தண்ணீர் சுமந்தால் போதும், வண்டியும் இலேசாக இருக்கும் என்று சிரித்தபடி சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்று நினைக்காதே, நான் எதற்கும் பயந்தவன் இல்லை, ஒரு தடவை சிங்கம் இருபது கிலோமீட்டர் என் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து மூச்சு வாங்கித் திரும்பிப் போனது, உனக்குத் தெரியும். ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. போதாததற்கு நேற்று வாரியோ, அதுதான் இங்கே வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறானே அந்த வாயாடி, போனை நீட்டி, "மாமா, உங்க கெணறு வரைபடத்துல ஏறிடுச்சு பாருங்க, இனிமே வெள்ளக்காரன் எல்லாம் குளிக்க வருவான், துண்டு வாடகைக்கு விடுங்க" என்றான். பார்த்தால் நிஜமாகவே சால்பிக்கு நடுவில் ஒரு நீலப்புள்ளி, பக்கத்தில் கல்கல்லோ கிணறு என்று எழுத்து. நீ சொன்னதை வைத்து உன் தோழி ஆன்யா போட்டாளாம். நான்காம் வகுப்பு வரைக்கும் படித்தவன் நான், அதற்கு மேல் சொல்லித்தர வாத்தியாரிடம் ஒன்றும் மிச்சமில்லாததால் நின்றேன், என் பெயரை எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்ததும் போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் காகிதம் தேடினேன்.

அதனால் சொல்கிறேன் கேள். நேர்வழி வேண்டாம். மைகோனா, கலாச்சா என்று சுற்றி வா, ஒருநாள் கூடுதலானால் என்ன, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், தேநீர் இருக்கிறது, டியூப் ஒட்டுகிறவன் இருக்கிறான். நேர்வழிதான் என்று பிடிவாதம் பிடித்தால், அந்த உப்புத்தரையை நம்பாதே. மேலே சப்பாத்தி மாதிரி காய்ந்திருக்கும், கீழே கஞ்சி மாதிரி கிடக்கும், போன மாதம் பெய்த மழை உள்ளே அப்படியே இருக்கிறது, வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும், மூன்று பெண்கள் இழுத்தால் வராது. டயர்த் தடத்தைப் பார்த்து ஓட்டாதே, அது போன வருஷத்துத் தடமாகவும் இருக்கும், ஒட்டகச் சாணியைப் பார், உள்ளே ஈரமிருந்தால் ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். மணலில் டயர்க் காற்றைக் குறைத்துக்கொள், பிரேக்கைத் தொடாதே. உச்சிவேளையில் தூரத்தில் ஏரி தெரியும், மரம் தெரியும், நான் ஒருமுறை அதில் கப்பல்கூடப் பார்த்தேன், எதற்கும் வண்டியைத் திருப்பாதே. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதே, அதன் நிழலிலேயே இரு. இதை மூன்று தடவை வாசி.

அந்தக் கிணற்றைப் பற்றி. அது இப்போது முன்போல் இல்லை. தண்ணீர் உப்பாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். போன கோடையில் ஒட்டகங்கள் இடித்துத் தூர்த்தும் விட்டனவாம். பாம்பு வேறு இருக்கிறதாம், தொடை கனத்துக்கு. ஆகையால் அங்கே தங்குகிற எண்ணத்தை விட்டுவிடு. நீ வருகிற அன்றைக்குச் சித்தி காப்பிக்கொட்டையை வெண்ணெயில் வறுத்து வைத்திருப்பாள், கிடாயும் குறித்தாகிவிட்டது, அந்த நொண்டி ஆடு இல்லை, வேறு. வழியெல்லாம் உனக்குச் சமாதானம் இருக்கட்டும், மழை உனக்குப் பின்னால் பெய்யட்டும், போகிற இடமெல்லாம் பால் இருக்கட்டும், உன் வண்டிச் சக்கரம் முள்ளைக் காணாமல் உருளட்டும் என்று விடியற்காலையில் பால் தெளித்துச் சொல்லியிருக்கிறேன். மறக்காமல் இரண்டு டியூப் கூடுதலாக எடுத்து வா.

இப்படிக்கு, நார்த் ஹோரிலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிளில் சால்பியைக் கடந்தவனும், நான்கு மொழி அறிந்தவனும், சிங்கத்தைக் களைக்க வைத்தவனுமாகிய உன் சித்தப்பா கல்கல்லோ.

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுதுகிறேன். உன் சித்தி வாசித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். பாம்பு வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னும் எத்தன பொய்யத்தான் அந்தக் கெணத்துல போடுவீங்க? அவ தண்ணிய அளந்துக்கிட்டு இருக்கா" என்றாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள். மகளே, நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒட்டகத்தின் வயதைக் கூட்டிச் சொல்லலாம், எதிரியின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வழியில் எதிர்ப்படுகிறவன் தண்ணீர் எங்கே என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னவனின் வணக்கத்துக்கு எவனும் பதில் வணக்கம் சொல்ல மாட்டான். நான் மாற்றிச் சொன்னேன்.

உனக்கு ஏழு வயது. உன் அப்பா போரு, கர்கியிலிருந்து நேர்வழியில் கிளம்பி வந்து சேரவில்லை. நாங்கள் பதினோரு பேர் ஒட்டகத்தோடு தேடி மூன்றாம் நாள் கண்டோம். வண்டி உப்புச் சேற்றில் அச்சு வரை இறங்கியிருந்தது, அவன் அதன் நிழலில் படுத்திருந்தான், பக்கத்தில் காலித் தண்ணீர்க் கேன் திறந்து கிடந்தது. வீட்டுக்கு வந்தால் நீ தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாய். "அப்பா குடிக்கலல்ல, நானும் குடிக்க மாட்டேன்" என்றாய். ஒருநாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று, உதடு வெடித்துவிட்டது, சித்தி பாலை வாயில் ஊற்றினால் துப்புகிறாய். அப்போதுதான் சொன்னேன், உன் அப்பாவைக் கிணற்றோரம் கண்டோம், வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான், தூக்கத்திலேயே போய்விட்டான் என்று. "தண்ணி இனிப்பா இருந்துச்சா சித்தப்பா?" என்று கேட்டாய். ஒட்டகப் பால் மாதிரி இருந்தது என்றேன். கிணற்றுக்குப் பெயர் கேட்டாய், வாயில் என் பெயர்தான் வந்தது. குவளையை வாங்கிக் குடித்தாய். கூட நின்ற பெரியவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூத்தவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "கொழந்தைக்குச் சொன்னே, சரி. அவ வளந்ததும் நீயே அதத் தூத்துடு" என்றார். அதன் பிறகு எத்தனை முறை நீ கேட்டாய், எத்தனை முறை நான் அந்தக் கிணற்றுக்கு மரமும் நிழலும் பறவையும் வைத்தேன், தூர்க்க மட்டும் கை வரவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், நீ சிரித்தால் நான் மறுபடி எதையாவது சேர்த்துவிடுவேன், அதனால்தான் எழுதினேன். வாரியோ பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், அவனுக்கு என் எழுத்து புரியாது. கிடைத்ததும் முதல் வேலையாக அந்த நீலப்புள்ளியை அழிக்கச் சொல், வேறு யாராவது நம்பிவிடப் போகிறார்கள். மற்றதெல்லாம் உண்மை, சிங்கம் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். ஆனால் கிணறு இல்லை, தலாசோ. அங்கே எப்போதும் இருந்ததில்லை. ஆளுக்கு இருபது லிட்டர் தண்ணீர் எடுத்து வா.

கல்கல்லோ