வடக்கே தலை வைத்த கட்டில்

இன்று காலை வீட்டுக்காரம்மாவின் அந்தூரியப் பூச்சட்டிகளுக்கு அடியில் உன் செங்கற்கள் இரண்டையும் கண்டேன். நீ மார்க்கர் பேனையால் எழுதிய ‘கால் பக்கம்’ இன்னும் அழியவில்லை. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டு அறைக்குள் தூக்கி வந்தேன். இன்று அவை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

குண்டசாலையில் இந்த அறைக்கு நாம் குடிவந்த புதிதில் அவற்றை உன் கட்டிலின் கால்மாட்டுக்கு முட்டுக்கொடுத்தாய். அறை நெருக்கடியில் தலைமாடு வடக்கே போயிற்று.

“ஏன்டி, ஒனக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

“பூமியில இருந்துகிட்டே விண்வெளிக்குப் போற வழிடி இது.”

பாரம் இல்லாத இடத்தில் ரத்தம் காலுக்கு இறங்காமல் தலைக்கு ஏறும். முகம் வீங்கும், மூக்கு அடைக்கும். காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்திப் படுத்தாலும் இதே கதிதான். மூளை தன் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். எவ்வளவு நேரம் சமாளிக்கும் என்பதுதான் உன் ஆராய்ச்சி. அடுத்தவரைப் படுக்கவைக்கும் முன் நீயே படுத்துப் பார்த்தாய்.

பேராதனை ஆய்வுகூடத்தில் உன் நெற்றிப்பொட்டில் ஜெல் தடவிக் கருவியைப் பிடிப்பது என் வேலை. ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். “எங்க லயத்துப் பீலிக் கொழாயில தண்ணி விழுற மாதிரியே இருக்குல்ல?” என்று சிரிப்பாய். கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ராக்கெட் ஆசையா என்று ஒருவர் நக்கலடித்தபோது, “ரத்தத்துக்கு ஊர் பேரு தெரியாது சார், பாரம் மட்டுந்தான் தெரியும்” என்றாய். மனிதர் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

உன்னைக் கொண்டுபோனது டெங்கு. ஊர் வாய்க்கு அது போதவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்தில் உன் அம்மாவே சொன்னார்: “வடக்க தல வச்சு, அதையும் பள்ளத்துல வச்சுப் படுத்தா எமன் சும்மா விடுவானா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கொசு தெச பாத்துக் கடிக்காதும்மா.”

“அப்ப நீ படுத்துக் காட்டு.”

“வாங்க, வந்து பாருங்க.”

இன்று பௌர்ணமி, போயா லீவு. உன் அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் கற்களை வைத்ததும் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கல்லு இருக்கட்டும். கட்டில மட்டும் திருப்பிப் போடுடி.”

மாட்டேன் என்றேன். திருப்பினால் ஊர் சொன்னது சரியென்று ஆகிவிடும். உன் சாவுக்கு நீயே காரணம் என்று ஆகிவிடும். அதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை இடம் கொடுக்கமாட்டேன். நாள் முழுக்கப் படுத்தேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறுகூடச் சாப்பிடவில்லை.

மாலையில் எழுந்தபோது முகம் வீங்கியிருந்தது. பதறிப்போய் என் கன்னத்தைப் பிடித்தார்.

“அவளும் இப்படித்தாம்மா எழும்புவா. கொஞ்ச நேரத்துல எறங்கிரும்.”

இறங்கியது. என் கண்ணிமையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர் திடீரென்று உடைந்து அழுதார். “அப்ப எம்புள்ள இதுனால சாகல.”

“சாகலம்மா.”

அவரைக் கலஹா பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்காரம்மா மறுபடி கல் கேட்டார். வேறு கல் பாருங்கள் என்றுவிட்டேன். அடுத்த வாரம் ஆய்வுகூடத்தில் நீ விட்ட இடத்தில் நான் படுக்கிறேன். கருவி பிடிக்க ஒருத்தியைப் பழக்கியாயிற்று. உன் பீலிச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. இனி என்னுடையதும் ஓடட்டும்.

இன்றைக்கும் இந்தக் கட்டிலில்தான் தூங்கப்போகிறேன். தலை வடக்கே.