இரண்டே கால் மணி வகுப்பு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய டீச்சருக்கு,

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. நாள் முழுக்கப் பேருந்தில் நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்கிற மனிதர், கால் மக்கர் செய்யாமல் என்ன செய்யும்? வலி எண்ணெய் தடவிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு, வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்.

நீங்கள் நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம் நீங்கள் ஜெர்மனியிலிருந்து போனில் அனுப்பிய செய்தியை நான்கு முறை படித்தேன். முதல் அத்தியாயத்தை முழுவதும் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்கள் என்றும், கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் உங்களைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். "முப்பத்தி மூணு வயசுல ஆராய்ச்சி பண்ண வந்தது தப்போன்னு தோணுது அக்கா. ரொம்ப லேட்டா வந்துட்டேன். அடுத்த மாசக் கடைசியில திரும்பி வந்துடலாம்னு இருக்கேன். ரூம காலி பண்றேன்னு வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல." இதுதான் நீங்கள் எழுதியது. அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இன்னும் சொல்லவில்லை அல்லவா? அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது பொறுங்கள்.

பதிலைப் போனிலேயே தட்டியிருக்கலாம். தட்டினால் நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். பேசலாம் என்றால் எனக்கு அழுகை வந்துவிடும், பேச வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் காகிதம். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பது மூன்று வருடம் என் விடைத்தாளைத் திருத்திய உங்களுக்குப் புதிதல்ல.

உங்களிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே நான் படிப்பை விட்டுவிட முடிவு செய்திருந்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கத்தியையும் கத்தரியையும் நீராவியில் வேகவைத்து, கிருமி போக்கி, பொட்டலம் கட்டி அனுப்புகிற அறை. அங்கே இருக்கும் பெரிய இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. கதவைச் சாத்தினால் அதன் நெற்றியில் இரண்டு வார்த்தை எரியும். 'பிட்டே வார்ட்டன்.' பதினோரு வருடம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று அர்த்தம் என ஒரு நாள் தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு இரும்புப் பெட்டி இத்தனை வருடமாக என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை! என் மேற்பார்வையாளர்கூட என்னிடம் 'தயவுசெய்து' என்று சொன்னதில்லை. அந்த ஆசையில்தான் நாற்பத்து நான்கு வயதில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கினேன்.

என் வேலை முடிவதும் இரண்டு மணிக்கு, வகுப்பு தொடங்குவதும் இரண்டு மணிக்கு. கையைக் கழுவி, உடுப்பை மாற்றி, ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக ஓடி, மூன்று மாடி ஏறினால் இரண்டு பன்னிரண்டு. என்ன ஓடியும் அதற்குக் கீழே வரவில்லை. முதல் வாரம் நான்கு நாளும் கதவருகே நின்றேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் கையில் பிளீச்சிங் பவுடர் வாடை. பலகையில் பாதி எழுதி முடித்திருப்பீர்கள். உட்கார்ந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, "இது நமக்கு சரிப்பட்டு வராதுங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "கட்டுன ஃபீஸுக்கு இன்னொரு வாரம் போய்ட்டு வா, அப்புறம் விட்டுடு" என்றார். அவ்வளவுதான் டீச்சர். என் படிப்பு அந்த ஒரு வாரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நான் மூச்சு வாங்க வந்து நின்றால், பலகை வெறுமையாக இருக்கிறது. எல்லாருடைய புத்தகமும் மூடியிருக்கிறது. நீங்கள் ஜன்னலருகே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் உட்கார்ந்த பிறகு சொன்னீர்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கால் மணி நேர வழக்கம் என்று ஒன்று உண்டு, இரண்டு மணி வகுப்பு என்றால் இரண்டே காலுக்குத்தான் தொடங்கும், அந்தக் காலத்தில் மணிக்கூண்டு அடித்த பிறகுதான் மாணவர்கள் வீட்டிலிருந்து நடந்து வருவார்களாம், நாம் மொழியோடு பண்பாட்டையும் படிக்கிறோம், அதனால் இந்த வகுப்பிலும் அதுதான் வழக்கம் என்று. எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. இவ்வளவு நல்ல பண்பாட்டை உருவாக்கின ஜனங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன். மறுநாள் ஆஸ்பத்திரியில், "ஜெர்மன்காரங்க நேரம் தவறமாட்டாங்கன்னு யார் சொன்னது?" என்று தலைமை நர்ஸோடு சண்டையே போட்டேன்.

அப்புறம் மூன்று வருடம் எனக்கு முதல் பன்னிரண்டு நிமிடம் தவறவே இல்லை. அது மட்டுமா, மூன்று நிமிடம் மிச்சம். அதில்தான் தலைவாரிக்கொள்வேன்.

பிறகு அந்த வாய்மொழித் தேர்வு. முதல் ஆள் நான், பத்து மணி என்று தாளில் தெளிவாகப் போட்டிருந்தது. கண் பத்து என்று படித்தது, மனது பத்தேகால் என்று எடுத்துக்கொண்டது. மூன்று வருடப் பழக்கம். ஒன்பதரைக்கே வந்துவிட்டேன், அதுதான் கொடுமை. மாடிப்படிக்குக் கீழே உள்ள பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, படித்ததை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே என் எண்ணை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. அடுத்த முறைக்காரியான நம் வகுப்புக் கண்ணாடிக்காரி பத்து பன்னிரண்டுக்கு வந்தவள், "அக்கா, நீங்க இன்னும் இங்க என்ன பண்றீங்க?" என்று கத்தினாள். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கே" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேலே போனால், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதி, பேனாவையும் மூடிவிட்டார். கால் மணி நேர வழக்கம் என்று நான் ஏதோ உளறினேன். "அது வகுப்புக்கு. பரீட்சைக்குக் கிடையாது. அதோட இந்தத் துறையில அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம், டீச்சர், மன்னித்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு நிமிடம் உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பொய்யில் நடக்கவிட்டுவிட்டாரே என்று.

நீங்கள் ஒரு தாள் வாங்கி அங்கேயே நின்றபடி எழுதினீர்கள். அதில் நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால்தான் படித்தேன். இல்லாவிட்டால் எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. அந்த வரிகள் இன்னும் மனப்பாடம். "இத்துறையில் கால் மணி நேர வழக்கம் இல்லை. பணி முடித்து ஓடி வரும் மாணவி ஒருவருக்காக, மற்ற மாணவர்களின் சம்மதத்துடன், நானே அதைத் தொடங்கினேன். அவர் கூச்சப்படுவார் என்பதால் காரணத்தை அவரிடம் மறைத்தேன். தேர்வுக்கு அது பொருந்தாது என்று அவரிடம் தனியாகச் சொல்லத் தவறியதும் நானே. இன்றைய தாமதம் அவர் தவறல்ல."

மற்ற மாணவர்களின் சம்மதத்துடன்! அந்த ஏழு வாண்டுகளுக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று வருடம் ஒருத்தர்கூட வாய் தவறவில்லை. இரண்டு மணிக்கே வந்து, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, இந்தக் கிழவி மாடி ஏறி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக்காரியைப் பிறகு பிடித்து உலுக்கினேன். "நீங்க படியில தடதடன்னு ஓடி வர்ற சத்தம் கேட்டாதான் மேடம் பலகைகிட்ட போவாங்க" என்றாள்.

அந்தத் தாளுக்குப் பிறகுதான் தேர்வாளர் மனமிரங்கி என்னைக் கடைசி ஆளாக எடுத்துக்கொண்டார். குறும்பாகவோ என்னவோ, ஜெர்மன் பல்கலைக்கழக வழக்கம் ஒன்றைப் பற்றிப் பேசு என்றார். வேறு எதைப் பேசுவேன்? பதினைந்து நிமிடம் பேசினேன். மணிக்கூண்டிலிருந்து நம் மூன்றாவது மாடிவரை பேசினேன். தப்பும் தவறுமாகத்தான் பேசியிருப்பேன், ஆனால் நிறுத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தேர்ச்சி பெற்றது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு உங்களுக்கு மெமோ வந்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியும். விமானம் ஏறுகிற வாரத்தில் அதற்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள் என்பதும் தெரியும். என்னிடம் மூச்சுகூட விடவில்லை. பட்டச் சான்றிதழ் வந்த அன்றைக்கு நான் முதலில் அலுவலகத்துக்குத்தான் போனேன். நடந்ததை என் கையால் எழுதி, அந்த மெமோ இருக்கும் கோப்பிலேயே வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். வைத்துவிட்டார்கள். முத்திரை குத்தினதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

போன மாதம் எங்கள் இயந்திரத்தின் கதவு ரப்பர் வளையம் தேய்ந்து நீராவி கசிந்தது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தயாரித்தவர்களிடமே நான் போனில் ஜெர்மனில் பேசினேன். எந்தப் பக்கம், எத்தனை விரற்கடை, எப்போதிருந்து எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்து மனிதர், நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். இரண்டே கால் மணி வகுப்பில் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது, பரவாயில்லை. மேற்பார்வையாளர் அன்றைக்கு முதன்முறையாக என்னிடம் 'தயவுசெய்து' என்றார்.

உங்கள் செய்தியை என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டவர், போனில் உங்கள் படத்தைப் பார்த்ததும், திடீரென்று, "இந்தம்மாவா உன் டீச்சர்? மொதல்ல எல்லாம் என்னோட நாலு அஞ்சுக்குக் கெளம்புற வண்டியிலதான் வருவாங்க. முன் சீட்டு, கையில புத்தகம். நீ சேர்ந்த அப்புறம் மூணு வருஷமா ஆளையே காணோம். ஊர் மாத்திட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். பிறகு அவரே கணக்குப் போட்டார். நான்கு மணிக்கு விட வேண்டிய வகுப்பை நாலே காலுக்கு விட்டால் நாலு ஐந்து வண்டி எப்படிக் கிடைக்கும்? அடுத்த வண்டி நாலு ஐம்பது. மூன்று வருடம் தினமும் நிறுத்தத்தில் நின்றிருக்கிறீர்கள்.

டீச்சர், நன்றி என்ற வார்த்தையை ஜெர்மனில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று நீங்களே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதுவும் போதவில்லை. அதனால் நன்றியை விட்டுவிட்டு நேராகக் கேட்கிறேன். திரும்பி வராதீர்கள். எனக்கு உங்களைப் பார்க்க ஆசையில்லாமலா சொல்கிறேன்? அந்த முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதுங்கள். எரிச்சலாக இருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே எழுதுங்கள். நாற்பத்து நான்கு வயதில் மூச்சு வாங்க வந்து நின்றவளிடம் லேட் என்று ஒரு வார்த்தை சொல்லாதவர் நீங்கள். அந்த வார்த்தையை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. அங்கே உங்களுக்காக வகுப்பை நிறுத்தி வைக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். இங்கே அந்த ஏழு வாண்டுகள், நான், என் வீட்டுக்காரர் என்று ஒன்பது பேர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

கடிதத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். இருபத்தாறு வருட வேலையில் பெற்ற தாய் ஓடி வந்தாலும் வண்டியை நிறுத்தாத மனிதர், அதில் அவருக்குப் பெருமை வேறு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தம்மா படிப்ப முடிச்சிட்டு வரட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. வர்ற அன்னிக்கு நாலு அஞ்சு வண்டிய நாலே கால் வரைக்கும் விசில் ஊதாம நிறுத்தி வைக்கிறேன். எவன் கேக்குறான்னு பாத்துடலாம்."

நல்லபடியாக முடித்துவிட்டு வாருங்கள். வண்டி நிற்கும்.

இப்படிக்கு,
என்றும் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்த
உங்கள் மாணவி