ஒரு கிரெடிட் குறைவு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குற்றாலத்துக்கு சீசன் கூட்டம். பஸ்ஸில் ஈரத் துண்டுகளுக்கு நடுவே ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காலேஜ் போனேன்.

கவுண்டரில் கிளார்க், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி: "பர்வீன், மெக்கானிக்கல். அரியர் எல்லாம் கிளியர். ஆனா ஒரு கிரெடிட் குறையுதும்மா."

மூன்று முறை எழுதி ஹீட் டிரான்ஸ்ஃபர் பாஸ் பண்ணினேன். அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

பட்டம் வாங்க வேண்டியவை, அவர் கொடுத்த தாளில்:
எல்லாப் பேப்பரும் பாஸ் – டிக்
புராஜெக்ட், வைவா – டிக்
லைப்ரரி புத்தகம் – டிக்
தொழிற்சாலைப் பயிற்சி, 2 வாரம் – காலி

போகாமலா இருந்தேன்? குத்துக்கல்வலசையில் காற்றாலை கியர்பாக்ஸ் ரிப்பேர் பட்டறை. மூன்றாம் வருட லீவில் பதினாலு நாளும் போனேன். ரிப்போர்ட்டும் கொடுத்தேன். சர்டிபிகேட் பிறகு தருகிறோம் என்றார்கள், நான் போய் வாங்கவில்லை. என் தப்பு.

23-ம் தேதி சென்னையில் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. பட்டச் சான்று இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயர் போச்சு. உம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பட்டறை இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் கடை. எதிர் டீக்கடைக்காரர்: "மொதலாளி தவறி ரெண்டு வருசம் ஆச்சே. ஃபோர்மேன் சண்முகையா அண்ணாச்சி ஆய்க்குடியில இருக்காவ. போய்ப் பாரு."

சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த அண்ணாச்சிதான். பட்டறையில் என்னை டீ வாங்க அனுப்பியவர்களிடம், "பிள்ளை படிக்க வந்திருக்கு. ஸ்பேனரைக் குடுங்கலே" என்று சத்தம் போட்டவர்.

ஜூன் 12, வியாழன்

ஆய்க்குடி. அண்ணாச்சிக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் இல்லை. கட்டிலில் கிடந்தார். தாடி நரைத்து, பாதி ஆள்.

என்னை அடையாளம் தெரிந்தது. இடது கையால் ஸ்பேனர் திருகுவதுபோல் காட்டினார்.

நான் டைப் செய்து கொண்டுபோன சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் மனைவி அந்த இடது கையில் பேனாவை வைத்தார். ஒரு கோடு. அது தாளைத் தாண்டிப் போர்வையில் போய் நின்றது. மறுபடியும் அதே. மூன்றாம் முறை பேனாவைத் தட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போதும் பாப்பா. அவிய தாங்க மாட்டாவ."

வாசலில் நின்று காலேஜுக்குப் போன் போட்டேன். கைநாட்டு செல்லாதாம். கையெழுத்தும் சீலும் வேண்டும்.

கிளம்பும்போது அந்த அம்மா தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "வேற என்ன வேணும்னாலும் கேளு, என்னா?"

ஜூன் 13, வெள்ளி

குற்றாலத்தில் செல்வம் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. காலேஜில் எனக்கு ஒரு வருடம் சீனியர், அதே பட்டறையில் பயிற்சி. அவருக்கு அண்ணாச்சி கொடுத்த ஒரிஜினல் சர்டிபிகேட் அவரிடம் இருக்கிறது.

"நீ வேலை பாத்தது நெசந்தானே? நடக்காததையா எழுதுதோம்?"

அதைப் பார்த்து லெட்டர்பேடும் சீலும் அவர் செய்தார். அண்ணாச்சியின் கையெழுத்தை நான் போட்டேன். வீணான தாள்களில் முப்பது தடவை எழுதிப் பார்த்து. 'ச'வின் சுழி கடைசியில் சரியாக வந்தது. அப்போது ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.



ஜூன் 16, திங்கள்

கொடுத்துவிட்டேன். கிளார்க் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கையெழுத்துப் போட்டவங்க போன் நம்பரை எழுதும்மா. வெரிஃபை பண்ணுவாங்க."

இதை யோசிக்கவே இல்லை. பின்னால் வரிசை நின்றது. அந்த அம்மாவின் நம்பரை எழுதினேன்.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

காலேஜிலிருந்து போன். வெரிஃபிகேஷன் ஓகே, நாளை வந்து வாங்கிக்கொள்ளலாம்.

எப்படி ஓகே?

உம்மாவிடம் சான்றிதழ் வருகிறது என்று மட்டும் சொன்னேன். சேமியா பாயசம் வைத்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினாள். இரண்டு தம்ளர் குடிக்க வைத்தாள்.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. வெயில். சான்றிதழ் வாங்கினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு.

"காலேஜ்ல இருந்து கேட்டாவ. கையெழுத்து அவியதான் போட்டாவன்னு சொல்லிட்டேன்."

என்னை மன்னிச்சிருங்கம்மா என்றேன்.

"நீ வேலை பாத்தது நெசம். அதுக்காவத்தான் சொன்னேன். ஆனா அவியளுக்குக் காது நல்லாக் கேக்கும் பாப்பா. நான் போன்ல சொன்னதைப் பக்கத்துல கெடந்து கேட்டுட்டாவ. அப்பமே இருந்து அந்த வலது கையையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ."

போனில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"நீ இனிமே இங்கன வராண்டாம்."

சரி என்றேன்.