முதுகு மட்டும் தெரிந்தவர்கள்

டிசம்பர் 4, வியாழன்

இன்றைக்கு நாற்பத்தொரு நெஞ்சுப் படம். கூட வேலை பார்ப்பவள் லீவு. எக்ஸ்ரே அறையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், யார் முகமும் நினைவில் நிற்பதில்லை. வருகிறவர்கள் பலகையில் நெஞ்சை அழுத்தி எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "மூச்சை நல்லா இழுங்க… பிடிங்க… விடுங்க" என்று கத்துகிறேன். அவ்வளவுதான் பழக்கம்.

நடுவில் போனில் எங்கள் மலையேற்றக் குழுவின் தகவல்கள் வேறு. எத்தனை ஸ்வெட்டர், யார் பிளாஸ்க் கொண்டு வருவது என்று ஓயாத சத்தம். ஒரு கையால் பதில் போட்டுக்கொண்டே "அடுத்தவங்க, அடுத்தவங்க" என்று ஆட்களைக் கூப்பிட்டேன்.

மதியம் எடுத்த ஒரு படம் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வலது நுரையீரலின் மேல்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. இடது தோளோடு சேரும் காறை எலும்பு எப்போதோ உடைந்து கோணலாக ஒட்டியிருந்தது. திரையில் வயது முப்பத்திநாலு. முப்பத்திநாலு! படம் எடுப்பவள் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 6, சனி

மலையேற்றக் குழுவை நடத்தும் என் சிநேகிதி டீச்சர் மூன்று தடவை போன் செய்துவிட்டாள். "வரலைன்னு மட்டும் சொல்லிப் பாரு." நாளைக்கு மலைக்குப் போகவே பிடிக்கவில்லை. வீட்டில் இருந்தால் அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருப்பேன். போய்த் தொலைக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

மலையிலிருந்து இறங்கி வந்ததும் எழுதுகிறேன்.

காலையில் பனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் முன்னால், நான் நடுவில், டயட்டு கடைசியில். (வருஷம் முழுக்க டயட் இருந்து ஒரு கிலோ ஏறியவளுக்கு வேறென்ன பேர் வைப்பது?) பாதி மலையிலேயே அவள் ஒரு பாறையில் சாய்ந்துவிட்டாள். "என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்கடி, புண்ணியமாப் போகும்."

நான் பழக்கதோஷத்தில் சொன்னேன்: "மூச்சை நல்லா இழு… பிடி… விடு."

பனிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் சிரித்தது. "அட, எக்ஸ்ரே மேடம்! அந்தக் குரலை மறக்க முடியுமா!"

ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். அவருக்கு ஐம்பத்தேழு வயதாம், வியாழக்கிழமை என்னிடம் படம் எடுத்தாராம். நேற்று ரிசல்ட் வந்ததாம். "நெஞ்சு பளிங்கு மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த இருமல் வெறும் சளிதானாம். அதைக் கொண்டாடத்தான் இவளை இழுத்துட்டு வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமினார். மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "கொண்டாடற மூஞ்சியப் பாருங்க. சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்து தோள் எலும்ப ஒடச்சிக்கிட்டவர். இன்னும் ஒரு பக்கம் கோணல்தான். புத்தி மட்டும் நேராகல" என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது என்றார்.

வியாழக்கிழமை படத்தில் கோணலாக ஒட்டியிருந்த காறை எலும்பும் இடதுதான். அவரோ என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். "என்ன வேகம் மேடம் நீங்க! எனக்கு முன்னாடி இருந்த தம்பி போன் பேச வெளிய போயிட்டாரு. அடுத்தவங்கன்னீங்க, நான் உள்ள வந்துட்டேன். பேரு கூடக் கேக்கல, ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டீங்க!"

பேரு கூடக் கேக்கல.

அவர் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். இறங்கும்போது டீச்சர், "பேய் அறைஞ்ச மாதிரி வர்றே?" என்றாள். கால் வலி என்றேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஏழு மணிக்கே போய்ப் பட்டியலைத் திறந்தேன். முப்பத்திநாலு, அதற்கடுத்து ஐம்பத்தேழு. இவர் படம் அவர் பேரில், அவர் படம் இவர் பேரில். ஒவ்வொருவரிடமும் பேரும் பிறந்த தேதியும் கேட்டுவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு ஸ்வெட்டர் கணக்கு முக்கியமாகப் போய்விட்டது.

டாக்டரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "எதுக்கும்மா ஊரைக் கூட்டறே? நாளைக்கே ரெண்டு பேரையும் வரச் சொல்லி மறுபடி எடுத்துடு. மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். உனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு, இன்னொண்ணு வந்தா வேலையே போயிடும்" என்றார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அப்பாடா என்றிருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

ரெண்டு படமும் எடுத்தாயிற்று. கட்டி டிரைவருக்குத்தான்.

டாக்டர் அவர்களிடம் பேசி அனுப்பிய பிறகு டிரைவரின் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அப்போதும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். "மெஷின் பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அந்தப் பாவத்தை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "மெஷின் இல்லம்மா. நான்தான். பேர் கேக்கல" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் திரும்பிப் போய்விட்டார்.

முப்பத்திநாலு வயதுக்காரரிடமும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், மடச்சி! மேஜையை அறைந்தார். "சனிக்கிழமை சொன்னாங்க. ஞாயித்துக்கிழமையே நான் கட்டிக்கப் போறவ வீட்டுக்குப் போய்க் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். காரணம் கூடச் சொல்லல. இப்ப போன எடுக்க மாட்டேங்கறா. நீங்க வந்து சொல்வீங்களா?"

என்னத்தப் பண்ணி வச்சிருக்கேன் நான்? ஒரு பேரு கேக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூணு செகண்டு ஆகுமா?

டிசம்பர் 12, வெள்ளி

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம். சாவியை ஒப்படைத்துவிட்டு வரும்போது படிக்கட்டில் ஒரு பெண் வழிமறித்தாள். "படத்தை மாத்தினது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அவர் சொல்றதை நான் நம்பல. வேண்டாம்னு போனவர், மனசு மாறினதும் கதை கட்டறார்னு நினைச்சேன். நிஜமா நடந்துச்சா?"

முழுதும் சொன்னேன், போனில் பதில் போட்டுக்கொண்டிருந்தது உட்பட. கேட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "தனியா சாகலாம்னு பாத்திருக்கான், லூசு" என்று அழுதாள். அப்புறம் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். நின்று வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 15

தூக்கம் இல்லை. டீச்சர் வந்தாள், துணி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

டிரைவருக்கு இன்று ஆபரேஷன். நேரத்தோடு பிடித்தாயிற்று என்று டாக்டர் சொல்கிறார், உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றும் சொல்கிறார். போகலாமா, எந்த முகத்தோடு போவது என்று காலை முழுக்க வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். கடைசியில் வந்துவிட்டேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அவர் மனைவி தனியாக இருந்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. இன்னும் கதவு திறக்கவில்லை.