சிறகு நனைந்தால் என்ன

சேசு மரி சூசை துணை

ஆவூர்
29-4-57

அன்பு மகள் சவரியாயிக்கு அப்பா மனம் நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. பெரியநாயகி மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், மலாயாவில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட ஜெபம். குளத்தில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, கடலை நன்றாக விளைந்தது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் தம்பி சின்னப்பனுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்து பஸ்ஸில் போய் வருகிறான், எங்களையும் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவான் போல இப்போதே ஒரே அதட்டல். ஆக வீட்டில் குறையில்லை, கவலையெல்லாம் உன்னைப் பற்றித்தான்.

மாப்பிள்ளையின் கடிதம் தபசு காலத்து நோன்புக்கு நடுவில் வந்தது. குழந்தை பெரியநாயகம் காய்ச்சலில் போனதிலிருந்து நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்றும், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாய் என்றும், கேட்டால் ரப்பர் தோட்டத்துக் கோவில் உபதேசியார் சம்சாரம் சொன்னதையே சொல்கிறாய் என்றும் எழுதியிருந்தார். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை நேரே சம்மனசாகிவிட்டது, பெற்றவள் அழுதால் அதன் சிறகு நனைந்து பறக்க முடியாமல் போகும் என்றாளாமே. அந்த அம்மாள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாள். நம் ஊரிலும் பச்சைப் பிள்ளை இறந்தால் துக்க மணி அடிப்பதில்லை, திருநாள் மணிதான் அடிக்கிறோம். ஆனால் அம்மா, அந்த மணி பிள்ளைக்குத்தான், பெற்றவளுக்கு இல்லை. அவன் மோட்சத்துக்குப் போய்விட்டான், காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது நீதானே. சிறகு நனைந்தால்தான் என்ன, உலர்த்திக்கொள்ள மோட்சத்தில் வெயில் இல்லாமலா போய்விட்டது?

உன் ஆத்தாளும் இதைக் கேட்டதிலிருந்து பேரனுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டே திரிந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பெண்கள் வியாகுல மாதா சுரூபத்தைச் சுற்றி உட்கார்ந்து, மாதா தன் மகனை மடியில் போட்டு அழுவதாகப் புலம்பல் பாடினார்கள். நடுவில் உன் ஆத்தாளின் குரல் மட்டும் தனியாக ஏறிற்று. "என் ராசா பெரியநாயகம், ஒன் மொகத்தக்கூட நான் பாக்கலையேடா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டவருக்காகப் பாடுகிற இடத்தில் வீட்டுத் துக்கத்தைக் கலந்துவிட்டாளே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுரூபத்தைப் பவனிக்கு எடுக்கும் நேரம் வேறு, பங்குச் சாமியாரும் வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், சுமக்க வந்தவர்களைக் கையமர்த்தி, "அந்தம்மா அழுது முடிக்கட்டும், மாதாவுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் மற்றப் பெண்களும் பெரியநாயகத்தின் பெயரைச் சேர்த்தே பாடினார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்தில் கண்ணை மூடிய பிள்ளைக்கு நம் ஊரே அழுதது.

நான் வெளியே வந்து பார்த்தால், பாஸ்குத் தேருக்கு வடம் எடுத்துக் கோவில் வாசலில் தயாராகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்தெழுவார், தேர் ஓடும் என்று தெரியாமல் உள்ளே யாராவது அழுதார்களா? தெரிந்துதானே வருஷா வருஷம் அழுகிறோம். அதற்காக விசுவாசம் இல்லாதவர்கள் என்று நம்மை யாரும் சொன்னதில்லையே. பெரியநாயகத்தை ஒருநாள் பார்ப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் இதை எழுதும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. உன் ஆத்தா அன்று வீட்டுக்கு வந்து ஒருசந்தி விரதக் கஞ்சியை வழித்துக் குடித்தாள், தேரன்று வடம் பிடித்தாள், இப்போது என்னோடு பழையபடி சண்டையும் போடுகிறாள். எனக்கு அதில் பரம திருப்தி.

பேரனுக்கென்று தைத்த சட்டையை அவள் என் கண்ணில் படாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். இப்போது தானே எடுத்துக் கொடுத்து, உனக்கு அனுப்பச் சொன்னாள். முந்திரிப்பருப்போடு சேர்த்துப் பார்சல் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரி, அவரும் பிள்ளையைப் பெற்றவர்தான். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஜெபமாலையை விட்டுவிடாதே. மகனைப் பறிகொடுத்த மாதா உங்கள் இருவரையும் தன் மடியில் வைத்துக் காப்பாற்றுவாள். ஒன்று மட்டும் மறக்காதே சவரியாயி, அந்தச் சட்டையை உலர்ந்தபடியே மடித்து வைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
ம. அடைக்கலம்